தனசேகரன் வண்டிக்கு ஒரு குரல்

ஆரணியில் தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்கப் போகும்போதும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிற ஒரே ஆள் தனசேகரன்தான். நடந்து போகும்போதும் போட்டிருப்பார் என்று ஊரில் சொல்வது முழுப் பொய்யல்ல; ஒருநாள் கழற்ற மறந்துவிட்டார். ஐம்பத்து மூன்று வயது. பட்டுப்புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டு போய் வீடு வீடாக விற்பது தொழில். போளூர் ரோட்டில் அவர் வண்டி முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதைப் பார்த்தவர் கிடையாது.

முழங்காலில் ஆபரேஷன் ஆனபிறகு கனமான பைக்கோடு மல்லுக்கட்ட முடியாமல் அதைத் தள்ளிவிட்டு, பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று வாங்கினார். உடனே தெருவில் ஆளுக்கொரு அபிப்பிராயம் முளைத்தது. மழையில் நனைந்தால் ஷாக் அடிக்கும் என்றார் ஒருவர். வெயிலில் நின்றால் பற்றிக்கொள்ளும் என்றார் இன்னொருவர். அப்படியானால் மார்கழியில் மட்டும் ஓட்டலாம் போல என்றாள் அவர் மனைவி ஸ்வர்ணலதா. எதிர்வீட்டு சிவப்பிரகாசம் கார் வைத்திருப்பவர். வாங்கிய இரண்டு வருஷத்தில் ஆயுதபூஜைக்குப் பொட்டு வைக்க மட்டும் அதன் உறையைக் கழற்றியவர். அந்த அனுபவத்தில் அவர் சொன்னார்: "வண்டின்னா ஒரு உறுமல் வேணும் மச்சான். எங்க ஊட்டு மிக்சி இதவிட சத்தம் போடுது."

வினையே அந்தச் சத்தம் இல்லாததில்தான் வந்தது. காலையில் அந்தத் தெரு வண்டிகளுக்குச் சொந்தமில்லை, பாவுக்குச் சொந்தம். பாவு என்கிற, தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளை இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகக் கழிகளில் நீட்டிக் கட்டி, அறுந்தவற்றை முடிபோடுவார்கள். தலைமுடியைவிட மெல்லிய இழை. யாரும் தலை நிமிர மாட்டார்கள். தெருவைக் காது பார்த்துக்கொள்ளும். இன்ஜின் சத்தம் முனையில் திரும்பியதும், பேச்சை நிறுத்தாமலே ஆளுக்கொரு கழியைப் பிடித்துப் பாவைச் சுவரோரம் தள்ளுவார்கள். வண்டி போனதும் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்வார்கள். ஹாரன் எடுபடாது. மெயின்ரோட்டில் நாள் முழுக்க ஹாரன்தான். அதற்கெல்லாம் நிமிர்ந்தால் பாவு முடிந்த மாதிரிதான்.

திங்கட்கிழமை காலை தனசேகரன் பூனை மாதிரி திரும்பினார். பாவுவேலைக்குத் தலைமை தாங்கும் கன்னியம்மாள், தன் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு ஹெல்மெட் இருப்பதைக் கண்டு கத்தியதில் நாற்பது இழைகள் போயின.

அன்று சாயந்திரமே கன்னியம்மாளின் தீர்ப்பு வந்தது. "உன் மேல கோவம் இல்லப்பா. வர்றது தெரியணும், அவ்ளோதான். ஞாயித்துக்கெழமைக்குள்ள அதுக்கு ஒரு சத்தம் வெச்சிக்கினு வா. இல்லன்னா மெயின்ரோட்டுலயே நிறுத்திடு."

மெயின்ரோட்டில் நிறுத்தினால் சார்ஜ் போட வழியில்லை. முழங்கால் இருக்கிற லட்சணத்தில் புடவை மூட்டையைத் தெரு நெடுகத் தூக்கிவரவும் முடியாது. வண்டி வீட்டு வாசலுக்கு வரவேண்டும். இல்லையென்றால் தொழில் படுத்துவிடும்.

பழைய ஜரிகைப் புடவைகளை வாங்கிப்போக மொபெட்டில் வரும் பொன்னுசாமி, புது ஸ்பீக்கர் வாங்கியதால் பழையதைக் குறைந்த விலைக்குத் தந்தார். தனசேகரன் கதவைச் சாத்திக்கொண்டு தன் குரலைப் பதிவு செய்தார். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். சாலைப் பாதுகாப்பு நம் அனைவரின் கடமை..." வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்த்ததில், 'கடமை' வருவதற்குள் பாவு வந்துவிட்டது. அவர் பிரேக் பிடித்து நிற்க, மீதியை எல்லோருமாகக் கேட்டார்கள். விஷயத்துக்கு வர மூன்று நிமிஷம் ஆனது.

ஸ்வர்ணலதா சொன்னபடி, "வண்டி வருது, வண்டி வருது" என்று சுருக்கினார். அதற்கும் ஒரு தலை நிமிரவில்லை. ஓட்டு கேட்கிறவர், உப்பு விற்கிறவர் என்று தினமும் பத்து ஸ்பீக்கர் வந்துபோகிற தெரு; எதுவோ எதையோ கத்திகினு போகுது என்று முடிபோட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சனிக்கிழமை கை தவறி வேறு பட்டனை அழுத்திவிட்டார். அழியாமல் கிடந்த பொன்னுசாமியின் குரல் தொண்டை கிழியக் கிளம்பியது: "பழைய பட்டுப்புடவை எடுக்கறது! கிழிஞ்ச பட்டு, நைஞ்ச பட்டு, ஜரிகைப் பட்டு எடுக்கறது!"

தெருவே நிமிர்ந்தது. கழிகள் தாமாக நகர்ந்ததுபோல் பாவு சுவரோரம் ஒதுங்கியது. வீடுகளுக்குள் பீரோ திறக்கும் சத்தம்கூடக் கேட்டது.

"இதான். இதையே போடு" என்றாள் கன்னியம்மாள்.

தனசேகரன் கெஞ்சினார். புதுப்புடவை விற்கிறவன் கிழிந்த பட்டு எடுக்கிறேன் என்று கத்திக்கொண்டு வந்தால் நாளைக்கு எவள் தன்னிடம் வாங்குவாள் என்றார். உப்புக்காரர் குரலாவது வாங்கி வருகிறேன் என்றார்.

"உப்புக்கு நாங்க நிமிர மாட்டோம். பட்டுன்னாதான் நிமிருவோம். வண்டி வேணுமா, மானம் வேணுமா, நீயே சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தார். திங்கட்கிழமை காலை ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, பொன்னுசாமியின் குரலோடு தெருவுக்குள் திரும்பினார். பாவு ஒதுங்கி வழிவிட்டது. பாதி தூரத்தில் ஒரு வீட்டிலிருந்து சிவசங்கரி என்கிற டீச்சர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாள். தெருவுக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது, விவரம் தெரியாது. ஒரு மாம்பழக் கலர் பட்டைப் பிரித்துக் காட்டி, என்ன தருவீர்கள் என்று கேட்டாள்.

"இத எங்கம்மா எடுக்கும்போது பத்து வருஷம் அசையாதுன்னு சொன்னாராம், வீட்டுக்கு மூட்டை கொண்டாந்து வித்த ஆளு. நாலு தீவாளி தாங்கல பாருங்க."

தனசேகரனுக்கு அந்த முந்தானையைத் தெரிந்தது. கண்ணாடியைத் தூக்கவில்லை. பின்னாலிருந்து கன்னியம்மாள், பேரம் பேசுவதை வீட்டில் வைத்துக்கொள், பாவை இழுக்கணும் என்று குரல் கொடுத்தாள். அவர் குரலை மாற்றிக்கொண்டு ஒரு விலை சொன்னார். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டார். டீச்சர் உடனே உள்ளே திரும்பி, இன்னும் ரெண்டு இருக்கு, கொண்டாறேன் என்றாள்.