பிஸ்கட் விற்றவர் எனக்கு மேனேஜராக வந்தபோது

ஹைதராபாத் மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் நான் சேர்ந்தபோது, அங்கே காதைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான்தான். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டாக இருந்தவள். கணவருக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைக்கவே ஹப்சிகுடாவுக்குக் குடி வந்தோம். பள்ளிப் பிள்ளைகளின் செவித்திறனை மடிக்கணினியும் ஹெட்ஃபோனும் வைத்தே சோதிக்கும் மென்பொருள் ஒன்றை அந்தக் கம்பெனி தயாரித்துக்கொண்டிருந்தது. எந்தச் சத்தத்தை எந்தக் காதில் கொடுப்பது, பிள்ளை கை தூக்கினால் எதைக் குறிப்பது எல்லாம் நான் சொல்லித்தான் அதற்குத் தெரியும். அதனால் மென்பொருளில் எது இருக்கலாம், எது வேண்டாம் என்று முடிவெடுக்கும் ப்ராடக்ட் மேனேஜர் பதவி வருகிறது என்றதும், அது எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கணவர் ஸ்வீட்டும் வாங்கி வந்துவிட்டார்.

வந்தவர் வேறு ஒருவர். அதுவரை பிஸ்கட் கம்பெனியில் இருந்தவர். தமிழர்தான், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே ஹைதராபாத்தில், குஷாய்குடா. அப்பாவுக்கு அங்கிருந்த தொழிற்சாலையில் வேலை.

"மேடம், காது பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்" என்றார் முதல் நாளே.

"பிஸ்கட்டைப் பத்தி நல்லாத் தெரியுமாக்கும்?" என்று கேட்டேன். எரிச்சல் குரலில் தெரிந்திருக்கும்.

"அதுவும் தெரியாது மேடம். யாரு, எப்போ, எதுக்கு வாங்குறாங்கன்னு தெரியும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் பிறகு அவர் பள்ளி முகாம்களுக்கெல்லாம் வந்து, பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். சோதனை செய்யும் நர்ஸ்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கணினித் திரையை அவர் பார்த்த மாதிரியே இல்லை.

ஒரு மாலை என் மேஜைக்கு வந்தார். "மேடம், மாஸ்கிங்னு ஒரு ஸ்டெப் இருக்குல்ல, அது வந்தாலே நர்ஸுங்க முழிக்கிறாங்க. பாதி பேரு தாண்டிப் போயிடுறாங்க. எடுத்துடலாமா?"

"அதை எடுத்தா என்னையும் எடுத்துடுங்க" என்றேன்.

விளக்கியும் பார்த்தேன். ஒரு காது கேட்காத பிள்ளைக்கு அந்தக் காதில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், அது மண்டை வழியாக மறுபக்கம் போய் நல்ல காதுக்குக் கேட்டுவிடும். பிள்ளை கை தூக்கிவிடும். அதற்காக நல்ல காதில் ஓர் இரைச்சலைக் கொடுத்து அதை அடைத்துவிட்டு, மற்றதைச் சோதிப்போம். அதுதான் மாஸ்கிங். அவர் தலையாட்டினார். நம்பிய மாதிரித் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஹப்சிகுடாவில் ஒரு பள்ளியில் முகாம். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தாள். கூப்பிட்டால் சில சமயம் திரும்புவாள், சில சமயம் திரும்ப மாட்டாள், பிடிவாதக்காரி என்றார் டீச்சர். நர்ஸ் மாஸ்கிங்கைத் தாண்டிப் போய்ச் சோதித்தார். வலது காது நன்றாக இருந்தது. இடது காதில் குறை இருந்தாலும் காதுக் கருவி வைத்தால் சரியாகும் என்றது திரையில் வந்த வரைபடம். எனக்குச் சந்தேகம். வலது காதில் இரைச்சலைக் கொடுத்து, இடது காதை நானே மறுபடி சோதித்தேன். சத்தத்தை எவ்வளவு கூட்டியும் அவள் கை மேலே எழவேயில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டூலிலிருந்து அவர் எழுந்து வந்தார். "அப்போ அந்தக் காதுக்கு மெஷின் வாங்கிப் போட்டிருப்பாங்களா?"

"போட்டிருப்பாங்க. ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது."

அவர் முகம் மாறிவிட்டது. எனக்குள் கொஞ்சம் வெற்றிக் களிப்புதான். அதே தெம்பில் சிறுமியின் அம்மாவை உட்கார வைத்து, வரைபடத்தைக் காட்டி, எனக்குத் தெரிந்த தெலுங்கில் விளக்கினேன். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். எழுந்து வாசல் வரை போனார்.

"மேடம், அவங்களுக்கு ஒண்ணும் புரியல" என்றார் அவர் மெதுவாக.

"சரின்னாங்களே?"

"ஹவ், ஆமா, சொன்னாங்க. கண்ணு பூரா பொண்ணு மேலதான் இருந்துச்சு. இப்போ வீட்டுக்குப் போய் அவங்க என்ன செய்யணும்?"

யோசித்தேன். "கிளாஸ்ல இடது பக்க ஓரத்துல, முன்னாடி உக்காரணும். அப்பதான் நல்ல காது டீச்சர் பக்கம் இருக்கும்."

"அதை நீங்க சொல்லவே இல்லையே!"

சொல்லவில்லைதான். அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அவர் வாசலுக்கு ஓடி அந்த அம்மாவை அழைத்து வந்தார். சாதாரணப் பேச்சுத் தெலுங்கில் நான்கே வரி பேசினார். அந்த அம்மா நேராக டீச்சரிடம் போனார். நாங்கள் கிளம்புவதற்குள் சிறுமி பையைத் தூக்கிக்கொண்டு புது இடத்துக்கு மாறியிருந்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுக்கொண்டே வந்தோம். இரண்டு காதுகளுக்கும் வித்தியாசம் அதிகமாக இருக்கும்போது மட்டும் மாஸ்கிங்கை மென்பொருளே கேட்கட்டும், அதைத் தாண்டிப் போக வழியே வேண்டாம் என்றேன். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா மேடம்!" என்றார். சோதனை முடிந்ததும் பெற்றோருக்கென்று ஒரு பக்கம் வரட்டும், தெலுங்கிலும் உருதுவிலும், வரைபடமே இல்லாமல், என்றார் அவர். எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. ஆனால் ஒத்துக்கொள்ள, ஆட்டோ தார்நாக்காவைத் தாண்டும் வரை ஆனது.

அந்த வடிவம்தான் பல பள்ளிகளுக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போகும்போது, அந்தப் பதவிக்கு என் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்.

"எனக்குக் காதுதானுங்க தெரியும்" என்றேன். உண்மையிலேயே பயமாக இருந்தது.

"அதை என்னால கத்துக்க முடியல மேடம். என்னுதை நீங்க கத்துக்கலாம்."

பதவி ஏற்றதும் முதல் வேலையாகக் காஞ்சன்பாக்கில் ஒரு காது மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரைப் பார்க்கவில்லை. வெளியே நோயாளிகள் காத்திருந்த பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி, யாருக்குக் காட்ட வந்தேன் என்று இந்தியில் கேட்டார். யாருக்கும் இல்லை, நீங்கள் சொல்லுங்கள் என்றேன். நகர்ந்து எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டுவிட்டு, மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.