தாய்மாமன் மடிக்கு ஒரு பொம்மை

தங்கை மகளுக்குக் காது குத்து வைத்திருந்தோம். துபாயிலிருந்து பிள்ளையோடு தங்கை வந்து இறங்கிய அன்றே எனக்குக் கிலி பிடித்துவிட்டது. அதுவரை போனில் என்னைப் பார்த்துப் பொக்கைவாய் காட்டிய பிள்ளை, நேரில் என் மீசையைக் கண்டதும் வீலென்று அலறியது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். எனக்கு இருப்பது ஒரே தங்கை, அவளுக்கு ஒரே பிள்ளை. சபையில் என் மடிக்கு வராமல் கதறினால் பெரியப்பா மகனை மணையில் உட்காரச் சொல்லிவிடுவார்கள். அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

தோடு, பட்டுப்பாவாடை எல்லாம் தயார். "தங்கத்தக் காட்டியா பிள்ளைய மயக்கப் போறீங்க? வெளையாட்டுச் சாமான் வாங்குங்க" என்றாள் மனைவி. திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறித் தஞ்சாவூர் போனோம். அரண்மனைப் பக்கத்துக் கடையில் நான் கைவைத்ததையெல்லாம் அவள் தள்ளினாள். நடைவண்டியா, பிள்ளை இன்னும் நிற்கவே இல்லை. செப்புச் சாமானா, விழுங்கிவிடும். தலையாட்டி பொம்மையா, காகிதக் கூழில் செய்தது, வாயில் வைத்தால் சாயம் போய்விடும். கடைசியில் சாயம் பூசாத மரக் கிலுகிலுப்பை ஒன்று அவளுக்குப் பிடித்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஓரத்தில் கடித்துப் பார்த்தேன். கடைக்கார அம்மா சிரிக்காமல், கடித்த பிறகு வேறு யாருக்கு விற்பது என்று கேட்டு அதைக் கட்டிக் கொடுத்துவிட்டார். மனைவி தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் தலையாட்டியையும் வாங்கிப் பைக்குள் போட்டேன். தஞ்சாவூர் வரை போய் அது இல்லாமல் திரும்ப நான் என்ன மடையனா?

வீட்டில் கிலுகிலுப்பையை ஆட்டினேன். பிள்ளை தங்கையின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. எல்லாம் நீ பார்த்துப் பொறுக்கியதுதானே என்று மனைவியிடம் பாய்ந்தேன். பிறகு கூடத்து மூலையில் உட்கார்ந்து, தலையாட்டியை வெளியே எடுத்து என் பாட்டுக்குத் தட்டினேன். அது வேண்டாம், வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தது. முந்தானை மெல்ல விலகியது. பொம்மையையே பார்த்த பிள்ளை தானும் தலையை ஆட்டியது. நானும் ஆட்டினேன். சாப்பிடக் கூப்பிடும்வரை நாங்கள் மூன்று பேரும் ஆளுக்காள் வேண்டாம் சொல்லிக்கொண்டிருந்தோம். எனக்குத் தலை கிறுகிறுத்தது, சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் பிள்ளை என்னைத் தொட மட்டும் விடவில்லை.

மறுநாள் குலதெய்வக் கோயிலில் மணையில் உட்கார்ந்து கையை நீட்டினேன். பிள்ளை தலையை ஆட்டியது. வரமாட்டேங்குது பாவம் என்று யாரோ சொன்னார்கள், பெரியப்பா மகன் வேட்டியைச் சரிசெய்தான். நானும் பதிலுக்குத் தலையை ஆட்டினேன். பிள்ளை களுக்கென்று சிரித்துத் தங்கையின் இடுப்பிலிருந்து என் மடிக்குத் தாவியது.

ஆசாரி குத்தியதும் பிள்ளை அழுதது. நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. தங்கை ஓடிவந்து, "அம்மாகிட்ட வா கண்ணு" என்று கையை நீட்டினாள்.

பிள்ளை கண்ணீரும் மூக்குமாகத் தன் அம்மாவைப் பார்த்தது. என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டியது.