மகளின் நேர்முகத் தேர்வும் மலிவுப் பெட்டியும்

என் மகளுக்கு வெளிநாட்டு வேலை கிடைக்காமற் செய்தவன் நான்தான்.

மனைவி இறந்தபின் கொக்குவில் வீட்டில் நாங்கள் இருவர்தான். வீட்டு இணையத்துக்குக் காவலாக ஒரு ஃபயர்வோல் அமைக்க விரும்பினேன். அதற்கென்றே விற்கும் சிறிய பெட்டி விலை கூட. ஆகவே தன் அலுவல்களுக்கு உதவாதென்று ஒரு கந்தோர் கழித்துவிட்ட கணினியை வாங்கி, வீட்டு இணையம் முழுவதும் அதனூடாகவே போக இன்னொரு நெட்வேர்க் கார்டை அதற்குள் பூட்டினேன். அது மின்சாரம் அதிகம் தின்றாலும் வேலையில் குறை வைக்கவில்லை.

மகள் காணொளியில் நேர்முகத் தேர்வுக்கு இருந்தபோது, என் அறையிலிருந்து அந்தக் கணினி மூலம் அவளுடைய இணைப்பை மட்டும் தடுத்தேன். அவளும் போனால் தனித்துவிடுவேன் என்று பயந்தேன்.

"அப்பா, லைன் விழுந்திட்டுது."

"பழைய மெசின் பிள்ளை, அப்பிடித்தான்."

"மலிவெண்டு வாங்கினா உப்பிடித்தான்," என்று அழுதாள்.

ஒரு மாதம் கழித்து உண்மையைச் சொன்னேன். நல்ல பெட்டியாக ஒன்று வாங்கி, அதன் கடவுச்சொல்லையும் அவளிடமே கொடுத்தேன். நிறுவனத்துக்குத் திரும்ப எழுதச் சொன்னேன். வேறொருவரை எடுத்துவிட்டார்களாம்.

"இவ்வளவு நாளும் மெசினையெல்லோ திட்டினனான்," என்றாள்.

அடுத்த நேர்முகத் தேர்வுக்கு அவள் புத்தூரிலுள்ள சிநேகிதி வீட்டுக்குப் போனாள். எந்த நாட்டு வேலை என்று எனக்குச் சொல்லவில்லை.