மருமகளின் மாத்திரைக்குக் காவல் இருந்த கதை

"மாத்திரையைக் கையில குடுத்துட்டுத் திரும்பிராதீங்கக்கா, தொண்டைக்குழி ஏறி இறங்குறதைப் பாத்துட்டுத் திரும்புங்க" என்று எனக்கு முதன்முதலில் சொன்னது எங்கள் ஊர் ரெஜினா நர்ஸ். டிபி மாத்திரை கொடுக்கிற வேலைக்கு மொத்தப் படிப்பும் அவ்வளவுதான். மீதியெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் நான் உதவியாளர். பிள்ளைகளுக்குச் சோறாக்குவேன், மூக்கைச் சிந்திவிடுவேன், தூங்க வைப்பேன். ஊரில் யாருக்காவது டிபி என்றால் தினமும் மாத்திரை கொடுத்து, முழுங்குவதைப் பார்த்துக் குறித்து வைக்கும் வேலையும் எங்களைப் போன்றவர்களிடம் வரும். முன்பும் இரண்டொருவருக்குக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை, பொங்கல் லீவு முடிந்து அங்கன்வாடி திறந்த வாரம், வந்தது என் சொந்த மருமகள் சரண்யாவுக்கு.

என் மகன் குமார் கனடாவில் இருக்கிறான். கல்யாணம் முடிந்து அவன் திரும்பிப் போனதும் சரண்யாவைக் கூப்பிட மனுப் போட்டான். அதற்காகச் சென்னையில் மெடிக்கல் பார்த்தபோது எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது. சளியில் கிருமி. ஆறு மாதம் மருந்தை விடாமல் முடிக்க வேண்டும், முடித்ததும் திரும்பவும் சென்னைக்கு வந்து மூன்று நாள் காலையில் சளி கொடுக்க வேண்டும், அதில் கிருமி இல்லையென்றால்தான் புருஷனிடம் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் மற்ற எல்லாரையும் சோதித்தார்கள், எங்களுக்கு ஒன்றும் இல்லை. வெளியே யாரிடமும் நாங்கள் மூச்சு விடவில்லை. நோயாளிக்கு மருந்து கொடுத்துக் காவல் இருந்தவர்கள் இதைப் படித்தால், எந்த இடத்தில் நான் பயந்திருப்பேன் என்று நான் சொல்லாமலே தெரியும்.

வெறும் வயிறு

விடிந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரை. போட்ட கொஞ்ச நேரத்தில் குமட்டும். சரண்யா கொல்லைப் பக்கம் வேப்பமரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நான் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, 'ஆத்தா, உள்ளேயே இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் முழுங்கிய கையோடு எல்லாம் வெளியே வந்துவிட்டது. நர்ஸுக்குப் போன் போட்டேன். திரும்பக் கொடுக்கச் சொன்னார். அந்தப் பிள்ளை வாயைக் கொப்பளித்துவிட்டு இரண்டாம் தடவையும் முழுங்கியது. அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னது: "அத்தை, சாமி படத்தைப் பாக்குற மாதிரி என் வாயவே பாக்காதீக. எங்க விழுந்து கும்புட்டுருவீகளோன்னு பயமாருக்கு."

சிவப்பாய்ப் போனது

மருந்து ஆரம்பித்த புதிதில் ஒரு காலை, குளியலறைக்குள்ளிருந்து "அத்தை!" என்று ஒரு கத்தல். ஒன்றுக்கு சிவப்பாகப் போகிறதாம். ரத்தம்தான் என்று நினைத்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நெஞ்சில் இருந்தது வயிற்றுக்கும் இறங்கிவிட்டது, இனி கனடாவும் இல்லை ஒன்றும் இல்லை என்று சுகாதார நிலையத்துக்குச் செருப்பில்லாமல் ஓடினேன்.

ரெஜினா நர்ஸ் தடுப்பூசிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார். "மாத்திரையோட சாயம்க்கா அது. முதல் நாளே சொன்னேன், நீங்க சாமி கும்புட்டுக்கிட்டு நின்னீங்க. நாளைக்குக் கண்ணீரும் அந்தக் கலர்லதான் வரும், அதுக்கும் ஓடி வந்துராதீங்க."

தனித் தட்டு

சரண்யா தனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் ஒதுக்கிக்கொண்டாள். வேண்டாம் தாயி, மருந்துதான் உள்ளே போகிறதே, தட்டில் என்ன இருக்கிறது, நர்ஸும் அதைத்தான் சொன்னார் என்றால் கேட்கவில்லை. அந்தத் தட்டுதான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. பரமக்குடியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். சட்டியைக் கழுவுகிறேன் என்று உள்ளே போனவள், தட்டைத் தொட்டதும் சரண்யா பதறிப் பிடுங்கியதைப் பார்த்துவிட்டாள். அப்புறம் என் வாயைக் கிண்டி வாங்குவதற்கு அவளுக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை.

முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே அந்தப் பிள்ளை இருப்பதைத் தெரிந்தேதான் சொன்னாள்: "கிறுக்கா மதினி உனக்கு? அவுக ஆத்தா வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டு வா. குமாருக்கு என்ன, சீமையில இருக்கிற மாப்பிள்ளைக்குப் பொண்ணா கிடைக்காது?"

மாத்திரையோடு பஸ் ஏறினது

மறுநாள் விடியும்போது சரண்யா படுக்கையில் இல்லை. பையும் இல்லை. முதல் பஸ்ஸுக்கே போயிருக்கிறாள். அவள் அம்மா வீடு வாலிநோக்கம் பக்கம், உப்பளத்தில் வேலை. நான் அன்றைய மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்து, ஒரு பாட்டில் தண்ணீரோடு பஸ் ஏறினேன். ராமநாதபுரத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது வெயில் ஏறிவிட்டது. ஒருநாள் விட்டாலும் ஆபத்து என்று சென்னையில் சொன்னதுதான் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

போய்ச் சேர்ந்தபோது சம்பந்தியம்மா உப்பளத்திலிருந்து வந்து, கால்கூடக் கழுவாமல் வாசலில் நின்றார். "பொண்ணத் திருப்பி விட்டுட்டு, பின்னாலயே மாத்திரையக் கொண்டாந்தீகளாக்கும்?" என்றார். நான் முடிச்சை அவிழ்த்து மாத்திரையைச் சரண்யா கையில் வைத்தேன். "காலையில என்ன சாப்ட்ட தாயி?" என்றேன். "ஒண்ணும் சாப்பிடல" என்றாள். உச்சி வேளை வரை வயிற்றை வெறுமையாக வைத்திருக்கிறது அந்தப் பிள்ளை.

முழுங்கினாள். "நாளைக்குப் போட வேண்டியது நம்ம வீட்டுலதான் இருக்கு, வந்து முழுங்கு" என்றேன். சம்பந்தியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்க்கப் போகிற மாதிரித் திரும்பிக்கொண்டு சொன்னார்: "அரைமணி பொறுத்து ரெண்டு பேரும் சோறு தின்னுட்டு அஞ்சு மணி பஸ்ஸப் புடிங்க. எனக்கு உப்பு வாரப் போகணும்."

மகன் என்ன சொல்வான்

நாத்தனார் சும்மா இருக்கவில்லை. குமாருக்கே போன் போட்டுவிட்டாள். பெற்ற பிள்ளைதான்; ஆனாலும் அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கிறவன், நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு நாள் கழித்து வீடியோவில் வந்தான். சரண்யா எழுந்து உள்ளே போய்விட்டாள். "பரமக்குடி அத்தை பேசுச்சாடா?" என்று கேட்டேன். "பேசுச்சும்மா. வேற பொண்ணு பாக்கவான்னு கேட்டுச்சு. எனக்கு இங்க காய்ச்சல் வந்தா சரண்யாவுக்கு வேற மாப்பிள்ளை பாப்பியா அத்தைன்னு கேட்டேன், அதுவா கட் பண்ணிருச்சு."

ஏர்வாடித் தண்ணீர்

சித்திரை பிறந்ததும் புதிதாக ஒரு ஆபத்து வந்தது. சரண்யாவுக்கு நன்றாகிவிட்டது! இருமல் போய், கன்னம் வைத்து, பசியும் வந்துவிட்டது. "இனி எதுக்கத்தை இந்தக் கருமம்?" என்று ஆரம்பித்தாள். நோயாளி படுத்துக் கிடக்கும்போது மாத்திரை கொடுப்பது லேசு, எழுந்து நடமாடும்போதுதான் கஷ்டம், கொடுத்தவர்களுக்குத் தெரியும். சம்பந்தியம்மாவும் மகளுக்காக ஏர்வாடி தர்காவுக்கு நேர்ந்திருந்தார். ஓதின தண்ணீர் குடித்தால் போதும், உடம்பைப் பொசுக்குகிற மாத்திரை வேண்டாம் என்று அவரும் சேர்ந்துகொண்டார்.

மூன்று பேரும் போனோம். நான் போகிற வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன், எந்தச் சாமியிடம் என்று கேட்காதீர்கள். ஓதிக் கொடுக்கிற பெரியவர் எல்லாவற்றையும் கேட்டார். கண்ணை மூடி ஓதி, தண்ணீரில் ஊதி, பாட்டிலைச் சரண்யாவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில், நாளைக்கு மாத்திரை கிடையாது என்று எழுதியிருந்தது. அப்போது பெரியவர் சொன்னார்: "தண்ணிய வெறுமனே குடிக்காதேம்மா. காலையில அந்த மாத்திரையப் போட்டு, இதைக் குடி. இன்ஷா அல்லாஹ், ரெண்டும் சேந்து கேக்கும்."

பூக் கேட்காதது

ஆடியில் மருந்து முடிந்தது. சளி கொடுக்கச் சென்னையில் தேதி கொடுத்தார்கள். எங்கள் அம்மன் கோயில் முளைப்பாரிக்குக் காப்புக் கட்டுவது அதற்கு முந்தின நாள். காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருக்கிறவர்கள், திருவிழா முடிகிற வரைக்கும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. கட்டும்போது ஊரில் இல்லாதவர்களுக்கு அந்தக் கட்டு கிடையாது. எப்போதும் விளக்கு வைத்த பிறகுதான் கட்டுவார்கள். நாங்கள் மத்தியானமே கிளம்பிச் சாயங்கால ரயிலைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பையில் துணி வைத்துக்கொண்டிருக்கும்போது கோயிலில் கொட்டுச் சத்தம் கேட்டது. இந்த வருஷம் நல்ல நேரம் காலையில் என்று பூசாரி அப்போதே கட்டிவிட்டார். இரண்டு பேரும் ஊருக்குள் அகப்பட்டுக்கொண்டோம். அந்தத் தேதியை விட்டால் கனடாக்காரர்கள் கொடுத்த கெடுவும் முடிந்துவிடும்.

கோயிலுக்குப் போனேன். முளைப்பாரிக்கு விதை போட வந்த பெண்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். வருஷா வருஷம் நானும் அந்த வரிசையில் இருப்பவள். எதைச் சொல்லிக் கேட்பது? பொய் வாயில் வரவில்லை. பூசாரியைப் பார்த்து, "சாமி, என் மருமகளுக்கு டிபி. மருந்து முடிச்சுட்டா. சளி குடுக்க மெட்ராஸ் கூட்டிப் போகணும்" என்றேன். அரை வருஷம் மூடி வைத்தது அம்மன் முன்னால் உடைந்தது. என் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் விதைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள்.

பூசாரி யோசித்தார். "பூக் கேட்டுப் பாத்துருவமா?" என்றார். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். குமார் கனடா போனதும், இந்தக் கல்யாணம் முடித்ததும் எல்லாம் பூக் கேட்டுத்தான். ஆனால் அன்றைக்கு நான் சொன்னேன்: "வேணாம் சாமி. சிவப்பு வந்தாலும் போகத்தான் போறேன். ஆத்தாகிட்டக் கேட்டுட்டு அவ பேச்சை மீறுன பாவம் எனக்கு எதுக்கு?" கொட்டுக்காரர்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார். பூசாரி தோள் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு சொன்னார்: "அப்பக் கேக்காமலே போ. நான் இங்கிட்டுத் திரும்பி மணியைத் துடைச்சுக்கிட்டு இருக்கேன்."

சளி வராத காலை

இவ்வளவு பாடுபட்டுச் சென்னை போனால், சரண்யாவுக்குச் சளி வரவில்லை. குணமானவளுக்கு எப்படி வரும்? டப்பாவைப் பிடித்துக்கொண்டு காறிக் காறித் தொண்டை புண்ணானதுதான் மிச்சம். எச்சில் செல்லாது, நெஞ்சிலிருந்து வர வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மூக்கில் மூடி மாட்டி உப்புத் தண்ணீர் ஆவி பிடிக்க வைத்தார்கள். நான் வெளியே பெஞ்சு ஓரத்தில் கண்ணை மூடி நின்றேன். உள்ளேயிருந்து ஒரு இருமல். இன்னொன்று. ஒரு காலத்தில் கேட்டாலே குலை நடுங்கின சத்தம். அன்றைக்கு அதற்காகக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

டப்பாவை வாங்க வந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "எல்லாரும் சளி போகணும்னு வேண்டிக்கிட்டு வர்ற இடம்மா இது. வரணும்னு கும்பிடுற ஆள் நீங்க ஒருத்தங்கதான்."

ரிசல்ட்

கிருமி முளைக்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பார்களாம்; அதற்கே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அந்த நாட்களைப் பற்றி என்ன எழுத? ஊருக்குத் தெரிந்துவிட்டதால் மூன்று பேர் அங்கன்வாடிக்குப் பிள்ளைகளை அனுப்பவில்லை. ரெஜினா நர்ஸ் வீடு வீடாகப் போய்ப் பேசினார். இரண்டு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், ஒன்று வரவில்லை. போன் அடித்தால் சரண்யா எடுக்க மாட்டாள், என்னிடம் நீட்டுவாள். தீபாவளி நெருக்கத்தில் சென்னையிலிருந்து கூப்பிட்டார்கள். கிருமி இல்லை.

விசா வந்து மார்கழியில் கிளம்பினாள். மதுரை விமான நிலையத்தில் உள்ளே போகிற வாசல் வரைக்கும்தான் எங்களை விட்டார்கள். பனிக்காற்று வேறு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டி நின்றாள். பிரிகிற அழுகை என்று நினைத்துக் கிட்டே போனேன். என் காதோரம் குனிந்து கேட்டாள்: "அத்தை, தொண்டை அரிக்குது. இங்கன இருமலாமா?"

இந்த வேலையை ஒழுங்காகச் செய்ததற்கு நமக்குக் கிடைக்கிற கூலி, நம்மிடம் முழுங்கியவர் குணமாகி, ஒரு நாள் காலையில் நம் வீட்டில் இல்லாமல் போவதுதான். இப்போது இன்னொருவருக்கு மாத்திரை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். விடிந்ததும் அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போது, தெருவில் போகிறவர்கள் யாரென்று எட்டிப் பார்க்காமல் போங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.