உருத்திரமூர்த்தியின் இரண்டு மேற்பற்கள்

கந்தசஷ்டியின் நடுவில் ஒரு மாலை, ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரக் கோயிலில் புராணம் வாசித்துக்கொண்டிருந்த உருத்திரமூர்த்தியின் வாயிலிருந்து இரண்டு பற்கள் விழுந்தன. இளஞ்சிவப்புத் தட்டில் பொருத்திய பொய்ப்பற்கள். ஓர் அடியை நீட்டிப் பாடும்போது தட்டு கழன்று, விரித்திருந்த பக்கத்தின் மேல் விழுந்தது. முன்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். தாய்மார் அதட்டினார்கள். அதட்டும்போதே அவர்களுக்கும் சிரிப்பு வந்தது. அவர் தட்டைச் சால்வையால் பொத்தி எடுத்தார், புத்தகத்தை மூடிக் கும்பிட்டார், எழுந்து போனார்.

யாழ்ப்பாணத்து வழக்கில் புராணப்படிப்புக்கு இருவர் வேண்டும். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் பயன் சொல்வார், பாட்டின் பொருளை விரித்துச் சொல்வது அவர் வேலை. பழைய சாமான் கிடங்கொன்றில் இந்தக் கோயில் தொடங்கிய நாள் முதல் வாசிப்பவர் உருத்திரமூர்த்தி, பயன் சொல்பவர் தபோதரன். அன்று மிச்சப் பாட்டுகளைத் தபோதரனே வாசித்து, பயனும் தானே சொன்னார்.

மறுநாள் தொலைபேசியில் வந்தார்.

"அண்ணை, நானே பந்து போட்டு நானே அடிக்கிற மாதிரிக் கிடக்கு. வாங்கோ."

"இனி ஏலாது தம்பி."

"பல்லுத்தானே விழுந்தது. நாக்கு இருக்குத்தானே?"

"பல்லில்லாட்டி நாக்கு எங்கை போய் முட்டுறது?"



உருத்திரமூர்த்திக்கு அறுபத்தாறு வயது. அகதியாக வந்து, சில வருடங்கள் விடுதிச் சமையலறைகளில் பாத்திரம் கழுவி, பிறகு நகரின் ஓரத்திலிருந்த திருகாணித் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேதான். திருகாணிக்கு மரை வெட்டும் இயந்திரம் அவருடையது. பற்கள் போனதும் அந்த வேலைக்குப் போகும் வழியில்தான். உறைந்த தெருவில் சைக்கிள் சறுக்கி, வாய் கல்லில் அடிபட்டது. அன்று கட்டிய தட்டையே இவ்வளவு காலமும் போட்டிருந்தார். ஒவ்வொரு குளிர்காலமும் அது கொஞ்சம் கூடுதலாகத் தளர்ந்தது. தட்டு தேய்ந்துவிட்டது என்று நினைத்திருந்தார்.

தேய்ந்தது தட்டல்ல. மகள் யதுசா அழைத்துப்போன பல் மருத்துவர் படத்தைத் திரையில் காட்டினார். பல்லின் வேர் இல்லாத இடத்தில் எலும்புக்கு வேலை இல்லை, வேலை இல்லாத எலும்பை உடல் மெல்ல எடுத்துக்கொள்கிறது என்றார். முன்தாடை அந்த இடத்தில் கத்தியின் விளிம்புபோல் மெலிந்திருந்தது. டைட்டேனியத் திருகாணியை அதில் இறக்க முடியாது. முதலில் எலும்பு சேர்க்கவேண்டும். ஒரு சிறிய குப்பியை எடுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளை மணல்போல் ஏதோ இருந்தது.

"ரிண்ட்," என்றார் மருத்துவர். மாடு. மாட்டெலும்பைச் சுட்டுத் தூய்மையாக்கிய துகள்.

உருத்திரமூர்த்தி "யா, யா" என்று தலையாட்டினார்.

அந்தச் சொல் அவருக்குத் தெரியாததல்ல. கடையில் ஒவ்வொரு பொதியையும் திருப்பி, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி அவர் தேடுவதே அந்தச் சொல்லைத்தான். சைவ தீட்சை பெற்றவர். முட்டை கலந்த கேக்கும் தொடாதவர். ஆனால் வெளிநாட்டவர் அலுவலகத்தில், தொழிலாளர் அலுவலகத்தில், மேசைக்கு அப்பால் இருந்து யார் எதைச் சொன்னாலும் ஆடிப் பழகிய தலை அது. அவர் யோசிக்குமுன் ஆடிவிட்டது.

காரில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தார்.

"பிள்ளை, அது மாடெல்லே?"

"ஓம் அப்பா. நீங்கள் ஓமெண்டுதானே சொன்னீங்கள்."

"நான் சொல்லேல்லை. தலை சொன்னது."

வீட்டில் மனைவி சுந்தரேஸ்வரி கேட்டுவிட்டு அடுப்பைத் தணித்தாள்.

"ஏனப்பா, நெத்தியிலை பூசுற திருநீறு எதிலையிருந்து வருது? மாட்டுச் சாணத்தைச் சுட்டுத்தானே? அது நெத்தியிலை இருக்கலாம், இது பல்முரசுக்குள்ளை இருக்கக்கூடாதோ?"

"சாணம் மாடு போட்டிட்டுப் போறது. எலும்பை மாடு போட்டிட்டுப் போகாது."

"அப்ப பல்லில்லாமல் இருங்கோ. எனக்கென்ன. முறுக்குச் செலவு மிச்சம்."

"அந்த வாயாலை எப்பிடியடி நான் புராணம் வாசிக்கிறது?"

அவள் அதன்பின் பகிடி பண்ணவில்லை.

யதுசா தகப்பனோடு மறுபடி போய் மருத்துவரிடம் பேசினாள். மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. இன்னொரு வழி உண்டு என்றார். கீழ்த்தாடையின் கடைசிப் பல்லுக்குப் பின்னாலிருந்து அவருடைய எலும்பையே ஒரு துண்டு வெட்டியெடுத்து முன்னால் பொருத்தலாம். இரண்டு காயம். சர்க்கரை வியாதிக்காரர், வயதும் போய்விட்டது. துண்டு ஒட்டாமல் செத்துப்போகவும் கூடும். அப்படியானால் மறுபடி எடுப்பதற்கு இடமில்லை, கடைசிவரை தட்டுத்தான்.

"என்ரை எலும்பு என்னைக் கைவிடாது," என்றார் உருத்திரமூர்த்தி. அதை யதுசா ஜெர்மனில் சொல்லவில்லை. "சம்மதமாம்" என்று மட்டும் சொன்னாள்.

மார்கழியில் செய்தார்கள். வாய் மரத்திருந்தது, கண் விழித்திருந்தது. ஒரு கட்டத்தில் மருத்துவர் கையை நிறுத்தி, பார்க்க விருப்பமா என்று கேட்டார். தலை இம்முறை உருத்திரமூர்த்தி சொல்லித்தான் ஆடியது. உருக்குத் தட்டில் விரல்நகமளவு ஒரு துண்டு கிடந்தது.

மனித எலும்பை அவர் முன்பு பார்த்தது ஒரே ஒருமுறை, தகப்பனின் காடாற்றின்போது. சாம்பலுக்குள் பாலும் நீரும் தெளித்துப் பொறுக்கி மண்முட்டியில் போட்டது. வெளிறி, வெந்து, தொட்டால் பொடிகிற எலும்பு. ஒருவனுடைய எலும்பைப் பிள்ளைதான் பார்ப்பான், அவன் பார்ப்பதில்லை. இது ஈரமாக இருந்தது. ஓரத்தில் இளம் சிவப்பு. விளக்கின் கீழ் மினுங்கியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கும்பிடவேண்டும்போல் இருந்தது. கைகள் துணிக்குக் கீழே இருந்தன.

துண்டு பிடித்தது. பனி கரைந்து மரங்கள் துளிர்த்தபோது அதற்குள் இரண்டு திருகாணிகளை இறக்கி, பல் ஈறைத் தைத்து மூடினார்கள். அதன் பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. கடிக்கக்கூடாது, நாக்கால் தடவக்கூடாது, காத்திருக்கவேண்டும். இதுவும் பிடிக்கவேண்டும், அதுதான் கடைசி.

காத்திருப்பில்தான் அவருக்குப் பயம் வந்தது. எலும்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. திருகாணியைப் பற்றித் தெரியும். எவ்வளவு இறுக்கினாலும் அதிர்வில் கழலும். அதற்காக வாசர் போடுவார்கள், பசை தடவுவார்கள், சுரை என்கிற நட்டை இரண்டாகப் பூட்டுவார்கள். தொழிற்சாலையில் வாழ்நாள் முழுவதும் அந்தக் கழலுதலோடுதான் சண்டை. இங்கே பசை இல்லை, சுரை இல்லை. முகம் கழுவும்போதெல்லாம் குனிந்து தொட்டியைப் பார்த்தார்.

"என்ன தேடுறியள்?" என்றாள் சுந்தரேஸ்வரி.

"ஒண்டுமில்லை."

"ஸ்குறூ கழண்டா எனக்குத்தான் முதல் தெரியும். உங்கடை கதையிலை தெரியும்."

புரட்டாசியில் ஈறைத் திறந்தார்கள். மருத்துவர் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடிக்கம்பின் பிடியால் பக்கத்துப் பல்லை முதலில் தட்டினார். மந்தமான ஓசை. பிறகு திருகாணியைத் தட்டினார். மெலிந்த, உயர்ந்த, தெளிந்த ஓசை. காதால் அல்ல, மண்டைக்குள் கேட்டது. மற்றதும் அப்படியே ஒலித்தது. விசை காட்டும் சிறிய சாவியைப் பூட்டி, கழற்றும் பக்கமாகத் திருப்பினார். எண்ணைத் தாதி படித்துச் சொன்னார். உருத்திரமூர்த்திக்கு அந்த எண்கள் தெரியும். இப்போது கழலும் என்று கண்ணை மூடினார். கழலவில்லை.

திரையில் படத்தைப் பெரிதாக்கினார்கள். மரை தெரிந்தது. அவர் ஆயுள் முழுக்க வெட்டிய அதே சாய்ந்த பற்கள். ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள பள்ளங்களை அவர் எண்ணெய் நிறைந்ததாகப் பார்த்திருக்கிறார், துரு நிறைந்ததாகப் பார்த்திருக்கிறார். இந்தப் பள்ளங்களில் எலும்பு நிறைந்திருந்தது. யாரும் ஊற்றாதது. அவர் சோறு தின்று, நித்திரை கொண்டு, பேருந்துக்குக் காத்து நின்ற நேரங்களில் அவருக்கும் சொல்லாமல் வளர்ந்து, ஒவ்வொரு பள்ளத்தையும் தேடிப்போய்ப் பிடித்துக்கொண்டது.

"அப்பா, அழுறீங்களா?"

"பார் பிள்ளை. ஓட்டையே ஸ்குறூவைப் பிடிச்சிருக்கு."

யதுசா அதை ஜெர்மனில் சொன்னாள். மருத்துவர் சிரிக்கவில்லை. தானும் திரும்பித் திரையைப் பார்த்தார்.

அந்தச் சஷ்டியில் காப்புக் கட்டிய மாலை அவர் கோயிலுக்குப் போனார். மேலே இரண்டு புதிய பற்கள், மற்றவற்றைவிட ஒரு நிறம் வெள்ளை. பிள்ளைகள் முன்னால் நெருங்கி உட்கார்ந்தார்கள். எதற்கென்று அவருக்குத் தெரியும். தபோதரன் விளக்குக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். காப்புச் செய்யுளின் முதலடியை எடுத்தார். நாக்கு மேலேறி முட்டவேண்டிய இடத்தில் முட்டியது. எழுத்துகள் உடையாமல் வந்தன. நீண்ட அடி வந்தபோது அவர் நீட்டினார். தாடையில் ஒன்றும் அசையவில்லை. கிடங்கின் தகரக் கூரைவரை போய் நின்றது குரல்.

பாட்டு முடிந்தது. பயன் வரவில்லை. தபோதரன் கையில் ஒலிவாங்கியைப் பிடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும் தம்பி," என்று உருத்திரமூர்த்தி மெல்லச் சொன்னார்.

"பொறுங்கோ அண்ணை. இன்னொருக்கா வாசியுங்கோ."