மூடி இல்லாமல் கோலார் போன வண்டி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். பெங்களூர் அல்சூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அமாவாசையன்று சுடுகாட்டு வழியாக சைக்கிளில் போய்ப் பந்தயம் ஜெயித்து, பந்தயம் கட்டியவனை ஒரு வாரம் கேலி செய்தவன். இப்போதும் அப்படித்தான். அந்த ஒரு காலை மட்டும் எதிலும் சேராது. சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

அறுபதுகளின் ஆரம்பம். எங்கள் அண்ணன் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் டாக்ஸி ஓட்டினார். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரின் பெரிய கறுப்புக் காரை வாங்கி, பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் ஒன்றைப் பொருத்தினார். தெருவே சிரித்தது. அது உறுமினால் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். அதுகூடப் பரவாயில்லை, தை மாதக் குளிரில் லேசில் எழுந்திருக்காது. டீசல் பற்றிக்கொள்ளச் சூடு வேண்டும், பெங்களூர் பனியில் இரவெல்லாம் நின்ற இரும்புக்குச் சூடு எங்கிருந்து வரும்?

அதற்காக அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ரேடியேட்டர் ஒழுகும் என்பதால் சாயங்காலமே தண்ணீரை இறக்கிவிடுவார். காலையில் தவலையில் வெந்நீர் கொதித்ததும் முதல் பங்கு வண்டிக்கு. கொதிக்கக் கொதிக்க ஊற்றி, இன்ஜின் இளஞ்சூடு பிடித்த பிறகுதான் செல்ஃப் ஸ்டார்ட் அடிப்பார். மனிதர்கள் குளிப்பது அதற்கப்புறம்தான், சம்பந்தியே வந்திருந்தாலும் சரி. இன்னொரு பழக்கமும் உண்டு. கழற்றிய ரேடியேட்டர் மூடியை ஈரத்தோடு காக்கிக் கோட்டின் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார், பிறகு மறந்துபோய் "மூடி எங்கடா?" என்று வீட்டையே புரட்டிப்போடுவார். அந்தப் பாக்கெட்டில் எப்போதும் வட்டமாக ஓர் ஈரக்கறை இருக்கும்.

அந்த மனிதர் மாரடைப்பில் ஒரே நாளில் போய்விட்டார். வண்டி என் கைக்கு வந்தது. அவருடைய காக்கிக் கோட்டை அண்ணி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வருஷம் திரும்புவதற்குள் அண்ணன் மகள் வசந்தாவுக்குக் கல்யாணம் முடித்தாக வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மாப்பிள்ளை கோலார் தங்கவயலில் சுரங்க ஆபீஸ் உத்தியோகம், கல்யாணமும் அங்கேதான். பையன் தங்கம். அவனுடைய தாய்மாமன்தான் வில்லங்கம். தன் மகளை அவனுக்குக் கட்டிவைக்க ஆசைப்பட்டவர், அந்த ஆசையை விடவும் இல்லை. நிச்சயதார்த்தத்தில் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "அந்த டீசல் தகரத்துலயா பொண்ணு வரப் போவுது? முகூர்த்தம் தவறிச்சுன்னா மணவறை காலியா இருக்காதுப்பா, சொல்லிட்டேன். வேணும்னா என் பெட்ரோல் காரை அனுப்பறேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எங்க அண்ணன் பொண்ணு எங்க அண்ணன் வண்டியிலதான் வரும்" என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணம் புதன்கிழமை. முதல் நாளே போயிருக்கலாம், ஆனால் செவ்வாய்க்கிழமை பெண்ணை வாசல் தாண்ட விடமாட்டேன் என்று அண்ணி ஒரே பிடிவாதம். சொந்தமெல்லாம் ரயிலில் போய்விட்டது. வீட்டில் அண்ணி, வசந்தா, நான், பெண்ணை அழைத்துப்போகத் தங்கவயலிலிருந்து வந்திருந்த என் அக்கா, இவ்வளவுதான். செவ்வாய் சாயங்காலம் ரேடியேட்டர் தண்ணீரை நானே இறக்கி, மூடியை நானே திருகி மாட்டினேன். இது முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன் விடியற்காலை, பனி அப்பிக்கொண்டிருக்கிறது. வெந்நீர் எடுக்கக் குடத்தோடு பின்கட்டுக்குப் போனால் தவலை காலி. அடுப்பு அணைந்து சாம்பலாகக் கிடக்கிறது. அக்கா ஈரத்தலையோடு நிற்கிறாள். வீட்டு வழக்கம் தெரியாத மகராசி, பெண்ணுக்கு மஞ்சள் தேய்த்துத் தாராளமாகக் குளிப்பாட்டி, மிச்சத்தைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டுவிட்டாள்.

"அடிப்பாவி, வண்டிக்கு வெச்ச தண்ணிய ஊத்திட்டியே!" என்று கத்தினேன்.

"இன்னாடா இது, பொண்ணு குளிக்காம காரா குளிக்கும்?" என்று அவள் திருப்பிக் கத்தினாள்.

விறகும் பனியில் ஊறிப்போயிருந்தது, ஊதி ஊதிக் கண்தான் எரிந்தது. இருப்பது இருக்கட்டும் என்று ஓடிப்போய் வெறும் வண்டியில் செல்ஃப் அடித்தேன். இரண்டு முறை முனகியது, மூன்றாவது முறை பேட்டரியும் படுத்துவிட்டது. அந்த நேரத்துக்கு வேறு டாக்ஸி பிடித்தால்கூட முகூர்த்தத்துக்கு எட்டுவது சந்தேகம். மணவறையில் அந்த மாமன் மகள் உட்கார்ந்திருப்பது என் கண்முன் வந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டுப்புடவையில் நின்ற வசந்தா, "பரவால்ல சித்தப்பா" என்றாள். அது இன்னும் குத்தியது.

எதிர்வீட்டு பாஷா பாயை வண்டி தள்ளக் கூப்பிட்டுவிட்டு, ஒரு வாளி பச்சைத் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரம்தான் ஆகியிருக்கும். திரும்பி வந்தால் பாஷா பாய் வண்டிக்கு நாலடி தள்ளி நின்று வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்புகிறது.

தூக்கிப் பார்த்தேன். முந்தின நாள் நான் காலி செய்த ரேடியேட்டரில் கழுத்துவரை தண்ணீர். விரலை வைத்தேன், சுரீரென்று சுட்டுவிட்டது. மூடியைக் காணோம்.

"பாய், நீங்களா ஊத்தினீங்க?"

"அல்லா மேல ஆணைப்பா, நம்ம வூட்ல அடுப்பே பத்த வெக்கல. நான் வர்றப்பவே பொகையுது."

யோசிக்க நேரமில்லை. உட்கார்ந்து செல்ஃபைத் தொட்டேன். ஐயா, செத்துக்கிடந்த பேட்டரி அது! தொட்டதும் வண்டி பிடித்துக்கொண்டது பாருங்கள், அல்சூர் முழுக்க எழுந்திருக்கும். எதிர்வீட்டுக் கண்ணாடி அதிர்ந்தது, நான் பைத்தியம் மாதிரி சிரித்தேன். அண்ணி பழந்துணியைப் பந்தாகச் சுருட்டி மூடி இல்லாத வாயில் அடைத்துவிட்டு, "ஏறுங்க, நேரமாச்சு" என்றார்.

பழைய மெட்ராஸ் ரோட்டில் அன்று நான் ஓட்டியதை இனி எவனும் ஓட்ட முடியாது. ஹொஸ்கோட்டையில் லாரிகளை முந்தினேன். வழியெல்லாம் ஒழுகுகிற அந்த ரேடியேட்டர் அன்று ஒரு சொட்டு விடவில்லை, எங்கும் தண்ணீர் கேட்கவில்லை. தங்கவயல் மண்டபத்து வாசலில் போய் ஹாரனை அழுத்தியபோது நாயனக்காரரே இன்னும் சீவாளியைச் சரிசெய்துகொண்டிருந்தார். திண்டாட்டம் பார்க்கக் கடிகாரத்தோடு காத்திருந்த தாய்மாமன் முகத்தில் ஈயாடவில்லை. நான் அவரிடம் போய், "தகரம் வந்திருச்சுங்க" என்றேன். தாலி ஏறும்போது அதிகமாக அட்சதை போட்டவன் நான்தான், பாதி அவர் தலையில்தான் விழுந்தது.

மறுவீட்டுக்கு மாப்பிள்ளை அல்சூர் வந்தார். பெங்களூர் குளிரில் வெடவெடத்தார். பாவம் என்று அண்ணி இடுப்புச் சாவியை எடுத்து டிரங்குப் பெட்டியைத் திறந்து, அண்ணன் இறந்தபிறகு யாரும் தொடாத அந்தக் காக்கிக் கோட்டை எடுத்துக் கொடுத்தார். போட்டுக்கொண்டவர் பாக்கெட்டில் கையை விட்டார்.

"மாமா, இது இன்னாது?" என்று எடுத்து நீட்டினார்.

ரேடியேட்டர் மூடி. நான் செவ்வாய்க்கிழமை திருகிய அதே மூடி. பாக்கெட்டில் வட்டமாக ஈரம்.

பாஷா பாய் விளையாடினார், அக்கா செய்தாள் என்று எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், நானும் எல்லாம் யோசித்துப் பார்த்தவன்தான். வண்டியைப் பிறகு விற்றுவிட்டோம். அண்ணியும் காலமாகிவிட்டார். கோட்டு என்னிடம்தான் இருக்கிறது. வருஷா வருஷம் தை பிறந்ததும் மாடியில் வெயிலில் போடுகிறேன். கோட்டு மொடமொடவென்று காய்ந்துவிடும், அந்தப் பாக்கெட் மட்டும் காயாது. நம்பிக்கை இல்லையென்றால் வாருங்கள், கையை விட்டுப் பாருங்கள். நான் இனிமேல் கையை விட மாட்டேன். போன வருஷம் தொட்டபோது ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது.