பேப்பரைத் திருப்பிய பிள்ளை

எனக்குச் சந்தேகக் குணம். வங்காலைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்த காலத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டம் 'சிஐடி டீச்சர்'. அதில் எனக்குப் பெருமைதான்.

பதினோராம் ஆண்டுச் சாதாரணதர வகுப்பின் தவணைப் பரீட்சையில் ஜெசிந்தா தன் பேப்பரைச் சரித்தாள், பிறகு தலைகீழாகத் திருப்பினாள். திருப்புகிற சாட்டில் பக்கத்தில் பார்க்கிறாளோ என்று எனக்குப் பட்டது. பக்கத்தில் றினோசா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். திருத்தும்போது பார்த்தால், கடினமான கேத்திரகணிதப் படக் கணக்கில் இருவருக்கும் ஒரே விடை. சரியான விடை. றினோசா ஒரு பக்கம் நிறைய வழிமுறை எழுதியிருந்தாள். ஜெசிந்தாவிடம் விடை மட்டும். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"வழிமுறை எங்கையடி?"

"கண்டுட்டன், டீச்சர்."

"எங்கை கண்டனீ? றினோசான்ர பேப்பரிலையோ?"

அவள் அழுதாள். கள்ள அழுகை என்றுதான் நினைத்தேன். அதிபரிடம் கூட்டிப்போனேன்.

"பார்த்து எழுதினது எண்டால் உயர்தரக் கணிதப் பிரிவை மறந்திடு, பிள்ளை," என்றார் அவர். அந்தப் பிரிவுக்குப் போகப்போவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள்.

திருப்ப முடியாத இடத்தில் கணக்குக் கொடுத்தால் என்ன செய்வாள், பார்ப்போம் என்று அதிபரின் மேசையிலேயே சோக்கால் வேறொரு படம் கீறினேன். பல கோடுகளுக்கு நடுவே ஓர் இருசமபக்க முக்கோணி சரிந்து கிடக்கும் படம்.

"இந்தக் கோணத்தைச் சொல்லு பார்ப்பம்."

கழுத்தைச் சரித்து முழித்தாள். பிடிபட்டாள் என்று எனக்குள் ஒரு சந்தோசம். அவளோ மேசையைச் சுற்றி நடந்துபோய் அதிபரின் கதிரையடியில் நின்றாள்.

"சேர், கொஞ்சம் எழும்புறீங்களோ?"

அதிபர் திகைத்துப்போய் எழும்பினார். அவர் இருந்த இடத்தில் நின்று குனிந்தாள்.

"இஞ்சையிருந்து பார்த்தால் கூரை மாதிரி நிக்குது. ரெண்டு பக்கமும் ஒரே சரிவு. அப்ப கீழ்க்கோணம் ரெண்டும் சமன். உச்சியிலை நீங்கள் போட்டது நாப்பது, மிச்சத்தில பாதி எழுபது பாகை, டீச்சர்."

சரிதான். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. றினோசாவையும் கூப்பிட்டேன். அவள் படத்தை ஒருதரம் பார்த்தாள். நின்ற இடத்தை விட்டு அசையாமல், தாளில் 'தரவு' என்று தலைப்புப் போட்டு, வரிவரியாக எழுதி அதே எழுபதுக்கு வந்து சேர்ந்தாள். ஒருத்திக்குக் கண்ணால் வருகிறது, மற்றவளுக்கு எழுத எழுத வருகிறது. இதில் களவு எங்கே?

"சரி, நம்பிறன்," என்றேன் ஜெசிந்தாவிடம். "ஆனால் அரசாங்கச் சோதினைப் பேப்பர் திருத்துறவை என்னைவிடச் சந்தேகக்காரர். வழிமுறை இல்லாட்டிப் புள்ளி போடமாட்டினம்."

"அவை என்ர பக்கம் வந்து நிண்டு பார்க்கமாட்டினமோ, டீச்சர்?"

அதிபர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து வகுப்பிலும் அவளை றினோசாவுக்குப் பக்கத்தில் இருத்தி, கண்டதை வழிமுறையாக எழுதப் பழக்கினேன். இருவரும் கணிதப் பிரிவுக்குப் போனார்கள்.

புதிதாகப் படிப்பிக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சந்தேகப்படுங்கள், தப்பில்லை. மேசையை மட்டும் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள்.